கூட்டத்தின் மனமும் குழுவின் முடிவும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தேர் வடத்தை ஒருவர் மட்டும் பற்றி எத்துணை வலிமையுடன் இழுத்தாலும் சக்கரம் அசைவதில்லை. நூற்றுக்கணக்கான கைகள் ஒரே திசையில், ஒரே கணத்தில், ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டு இழுக்கும்போதுதான் தேர் நிலையை விட்டு நகர்கிறது. பத்துமலைத் திருத்தலத்தின் 272 படிகளிலும், பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்திலும், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரையிலும் தைப்பூச நன்னாளில் திரளும் மக்கள் வெள்ளத்தைக் காண்போர் இவ்வுண்மையை நன்கு உணர்வர்.

இத்தகைய விழாக்களுக்குப் பின்னே எப்போதும் இரண்டு கூட்டங்கள் உள்ளன. ஒன்று, வீதியில் திரளும் அடியார் பெருங்கூட்டம். மற்றொன்று, விழாவுக்குப் பல மாதங்களுக்கு முன்னரே ஆலய அலுவலகத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுக்கும் செயலவையினரின் சிறு கூட்டம். முதலாவதைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். இரண்டாவதை நம்புகிறோம். பெருங்கூட்டம் என்றால் அறிவை இழந்து கட்டுக்கடங்காமல் போய்விடும் என்றும், பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினால் நல்ல முடிவே பிறக்கும் என்றும் எண்ணுவது உலக இயல்பு. ஆயின், மனிதர் கூடி வாழும் பாங்கினை ஆராய்ந்த உளவியல் அறிஞர்கள் கண்ட உண்மைகள் இவ்விரு எண்ணங்களையும் மறு ஆய்வு செய்யுமாறு நம்மைத் தூண்டுகின்றன.

பெருங்கூட்டம் அறிவற்றதா?

கூட்டத்தைப் பற்றிய அச்சத்துக்கு நூல் வடிவம் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ போன். 1895ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், கூட்டத்தில் கலந்த மனிதன் தன் தனித்தன்மையையும் பகுத்தறிவையும் இழந்து, உணர்ச்சிக்கு அடிமையாகி, தொற்றுநோய் பரவுவது போலப் பிறர் உணர்ச்சியைத் தானும் பெறுகிறான் என்று எழுதினார். அக்கருத்து நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கிற்று. கூட்டம் என்றதும் தடுப்பு வேலியையும் தடியையும் மட்டுமே நினைக்கும் போக்கு அதனால் வலுப்பெற்றது.

பின்வந்த ஆய்வாளர்கள் கூட்டங்களை நேரில் சென்று கண்டும், இடர்களில் தப்பியோரிடம் கேட்டறிந்தும் வேறு விதமான சித்திரத்தைத் தீட்டினர். 2005ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இலண்டன் மாநகரின் சுரங்க இரயில்களிலும் பேருந்து ஒன்றிலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். இருளும் புகையும் சூழ்ந்த சுரங்கத்தில் சிக்கியிருந்த பயணிகள் என்ன செய்தனர் என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டிரூரியும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்தனர். ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடியதாக அவர்கள் கேள்விப்படவில்லை. முன்பின் அறியாதோர் ஒருவருக்கொருவர் தண்ணீர் பகிர்ந்தனர், காயமுற்றோரின் குருதியைத் துணியால் கட்டினர், ஆறுதல் கூறினர். ஒரே ஆபத்து எல்லாரையும் சூழ்ந்ததும் "நான்" என்ற எண்ணம் தளர்ந்து "நாம்" என்ற எண்ணம் அங்கே எழுந்தது.

காவடி எடுப்பவர் தளரும்போது அருகிலிருப்பவர் தோள் கொடுப்பதும், பால்குடம் ஏந்தி வரும் மூதாட்டிக்குக் கூட்டமே விலகி வழிவிடுவதும் நம் விழாக்களில் அன்றாடக் காட்சிகள். யாரும் ஆணையிடாமலே இவை நிகழ்கின்றன. ஒரே நோக்கத்துடன் வந்தோம் என்ற உணர்வே அங்கே ஆணையாகிறது.

நெரிசல் நேர்வது எதனால்?

அப்படியாயின், திருவிழாக்களில் உயிர்கள் பலியாவது ஏன் என்னும் வினா எழுதல் இயல்பே. 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கும்பகோணம் மகாமகத்தில் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். 2011ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் சபரிமலையில் மகர சோதியைத் தரிசித்துத் திரும்பியோரில் நூறு பேருக்கு மேல் புல்மேட்டில் உயிர் நீத்தனர். இத்தகைய துயரங்களுக்குப் பின் "பக்தர்கள் முண்டியடித்தனர்" என்ற ஒரு வரியோடு பலரும் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். மெய்ந்நிலை அவ்வளவு எளிதன்று.

கூட்ட நெரிசலை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஜான் ஃபுருவின் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் புகழ் பெற்றது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏழு பேர் அளவுக்கு மக்கள் நெருங்கிவிட்டால், அக்கூட்டம் நீர் போன்றதாகிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அந்நிலையில் தனி மனிதரின் விருப்பத்துக்கு இடமில்லை. ஓரிடத்தில் எழும் அசைவு அலையாகப் பரவி, கால்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும். மாள்வோரில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு அழுந்தி, மூச்சு விட இயலாமல் நின்ற நிலையிலேயே உயிர் துறக்கின்றனர். பின்னே நிற்பவருக்கு முன்னே நடப்பது தெரிவதில்லை என்பதே இதில் மிகப் பெரிய கொடுமை. முன்னே மரணம் நிகழும்போதே பின்னே நிற்பவர், "வரிசை ஏன் நகரவில்லை?" என்று ஓரடி முன்வைக்கிறார். அவரிடம் தீய எண்ணம் இல்லை. அவருக்குச் செய்தி எட்டவில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஹில்ஸ்பரோ காற்பந்துத் திடலில் நிகழ்ந்த துயரம் இதற்குத் தக்க சான்றாகும். வெளியே திரண்ட கூட்டத்தை உள்ளே விடக் காவல் துறையினர் ஒரு வாயிலைத் திறந்தனர். ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழிந்த பகுதிக்குச் செல்லும் சுரங்க வழியை அடைக்கத் தவறினர். அவ்விபத்தின் விளைவாக மாண்டோர் தொகை இறுதியில் 97 ஆயிற்று. இரசிகர்களின் ஒழுங்கீனமே காரணம் என்ற பழி நெடுங்காலம் நிலவியது. 2016ஆம் ஆண்டில் மரண விசாரணை நடுவர் குழு அப்பழியைத் துடைத்தது. இரசிகர்கள் மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது.

தென்கொரியத் தலைநகர் சோலின் இத்தேவான் பகுதியில் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் குறுகிய சந்து ஒன்றில் நேர்ந்த நெரிசலில் 159 பேர் மாண்டனர். இரவு பத்து மணிக்குப் பின்னரே அப்பேரிடர் நிகழ்ந்தது. ஆனால் மாலை 6.34 மணிக்கே கூட்டத்திலிருந்த ஒருவர் காவல் துறையை அழைத்து, இங்கு மக்கள் நசுங்கிவிடுவர் என்று எச்சரித்துவிட்டார். அதன்பின் மேலும் பத்து அழைப்புகள் சென்றன. கூட்டத்துக்கு அறிவு இருந்தது, குரலும் இருந்தது. கேட்க வேண்டிய செவிகள் கேட்கவில்லை.

ஆகவே, பெருங்கூட்டத்தின் நலம் பெரும்பாலும் அக்கூட்டத்தின் கையில் இல்லை. அது சிறு கூட்டத்தின் கையில் இருக்கிறது. எந்த வழி திறப்பது, எந்த வழி அடைப்பது, எத்தனை பேரை ஒரே நேரத்தில் விடுவது என்று மாதங்களுக்கு முன்பே மேசையருகில் முடிவாகிவிடுகிறது.

கூடி நிற்பதன் பயன்

கூட்டம் ஆபத்து என்பதற்காக விழாக்களைச் சுருக்கிவிடலாமா என்று கேட்போருக்கும் ஆய்வுகளே விடை கூறுகின்றன. அலகாபாத் என வழங்கிய இன்றைய பிரயாக்ராஜில் ஆண்டுதோறும் நடைபெறும் மாக மேளாவில், கல்பவாசிகள் எனப்படும் அடியார்கள் ஒரு திங்கள் முழுதும் கங்கைக் கரையில் கூடாரத்தில் தங்கி, கடுங்குளிரில் விடியற்காலை நீராடி நோன்பிருப்பர். இரைச்சலும் நெருக்கடியும் மிக்க அச்சூழலில் உடல்நலம் கெடும் என்றே எவரும் எண்ணுவர். இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இணைந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தை மாற்றியது. மேளாவுக்குச் சென்று திரும்பியோரின் நலவுணர்வு, ஊரிலேயே தங்கியிருந்தோரோடு ஒப்பிடுகையில், உயர்ந்திருந்தது. சுற்றியிருப்போர் நம்மவர், வேண்டும்போது துணை நிற்பர் என்ற உணர்வே இதற்கு அடிப்படை என்று தொடர்ந்து வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின.

நம் தைப்பூசத்தோடு நேரடித் தொடர்புடைய ஆய்வும் ஒன்றுண்டு. மொரீசியஸ் தீவில் தமிழர் எடுக்கும் காவடியை மானிடவியல் அறிஞர் டிமித்ரிஸ் ஸிகலாட்டஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கூட்டு வழிபாட்டில் கலந்துகொண்டோருக்கும், காவடி நாளில் கலந்துகொண்டோருக்கும், பிறர் அறியாமல் ஆலயத்துக்குக் கொடை அளிக்கும் வாய்ப்புத் தரப்பட்டது. காவடி நாளில் வந்தோர் தெளிவாகவே மிகுதியாகக் கொடுத்தனர். காவடி சுமந்தவர் மட்டுமல்லர், உடன் நடந்தவரும் அவ்வாறே கொடுத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவர் தாங்கும் நோவு உடன் வருவோர் உள்ளத்தையும் நெகிழ்விக்கிறது. கூடி நிற்றலின் பயன் இதுவே.

சிறு குழுவின் மௌனம்

இனி, மேசையைச் சுற்றி அமரும் சிறு கூட்டத்துக்கு வருவோம். அமெரிக்க உளவியல் அறிஞர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனை உலகப் புகழ் பெற்றது. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றனுள் எது என்று கேட்பர். சிறு பிள்ளையும் சொல்லத்தக்க விடை அது. ஆனால் அறையிலிருந்த ஏனையோர் அனைவரும் முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். வேண்டுமென்றே தவறான விடையை ஒருமித்துக் கூறுவர். உண்மை அறியாத ஒருவர் மட்டும் இறுதியில் விடை கூற வேண்டும். நான்கில் மூன்று பங்கினர் ஒரு முறையேனும் தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையைக் கூறினர்.

இச்சோதனையின் மற்றொரு பகுதியைப் பலர் அறியார். அறையில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையை உரக்கச் சொன்னால் போதும். கூட்டத்துக்கு இணங்கித் தவறிழைப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒருவரின் துணிவு மற்றவரின் நாவைத் திறந்துவிடுகிறது.

1968ஆம் ஆண்டில் லத்தானே, டார்லி என்னும் இருவர் நடத்திய சோதனையும் நினைவில் கொள்ளத்தக்கது. ஓர் அறைக்குள் மெல்லப் புகை நுழையுமாறு செய்தனர். தனித்து அமர்ந்திருந்தோரில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று தெரிவித்தனர். அசையாமல் இருக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்ட இருவருடன் அமர்ந்திருந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேரே தெரிவித்தனர். "மற்றவர் பேசாதிருக்கிறார், ஆகவே ஆபத்து இல்லை போலும்" என்று ஒவ்வொருவரும் எண்ணினர்.

அறிஞர் பெருமக்கள் கூடிய அவையும் இதற்கு விலக்கன்று. 1961ஆம் ஆண்டு ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் ஏறத்தாழ 1,400 பேர் கொண்ட படையை இறக்க அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசனைக் குழு இசைந்தது. மூன்றே நாளில் அம்முயற்சி படுதோல்வியுற்றது. குழுவில் இருந்த வரலாற்று அறிஞர் ஆர்தர் ஷ்லெசிங்கர் எழுத்து மூலம் தம் மறுப்பைத் தெரிவித்திருந்தும், கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அதற்காக வருந்தி எழுதினார். 1972ஆம் ஆண்டில் இத்தகைய முடிவுகளை ஆராய்ந்த இர்விங் ஜேனிஸ், ஒற்றுமையைக் காக்கும் விருப்பமே சிந்தனையை முடக்கிவிடுகிறது என்று விளக்கினார். அடுத்த ஆண்டில் ஏவுகணை நெருக்கடி எழுந்தபோது கென்னடி பாடம் கற்றிருந்தார். உறுப்பினர்கள் தடையின்றிப் பேசும் பொருட்டுச் சில கூட்டங்களுக்குத் தாமே வராதிருந்தார்.

நம் ஆலயக் கூட்டக் குறிப்புகளில் "ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. அனைவரும் ஆராய்ந்து ஒத்துக்கொண்டதாலும் அவ்வாறு எழுதப்படலாம். அனைவரும் மௌனம் காத்ததாலும் எழுதப்படலாம். தலைவர் மனம் நோகுமே என்பர் சிலர். பெருந்தொகை உபயம் அளித்தவர் கருத்தை மறுப்பது முறையா என்பர் சிலர். மூத்தவர் பேசியபின் இளையவர் பேசுவது மரியாதையன்று என்பர் வேறு சிலர். மரியாதை நம் பண்பாட்டின் அணிகலன். எனினும், படிக்கட்டு குறுகியது என்று அறிந்த இளைஞர் மரியாதை கருதி வாய் மூடியிருந்தால், அம்மௌனத்தின் விலையைத் திருவிழா நாளில் வேறொருவர் கொடுக்க நேரும்.

உத்திரமேரூர் கல்வெட்டு கூறும் பாடம்

இச்சிக்கலை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், ஊர்ச் சபை கூடிய மண்டபச் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சபையோர் அனைவரும் காணக் குடத்தை உயர்த்திக் காட்டி, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கூட விதித்தனர். கைக்குள் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாதல்லவா?

தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிகள் பிரிக்கப்பட்டன. பதவிக் காலம் 360 நாள். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. அது நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் குடியிருப்பின் சபை. பெண்களுக்கும் ஏனையோருக்கும் அதில் பங்கில்லை. அந்தக் குறையை மறைப்பதற்கில்லை. ஆயினும் எவரையும் ஐயுறாமல் நம்புவதைவிட, ஐயத்துக்கே இடமில்லாத முறையை வகுப்பது மேல் என்று அவர்கள் தெளிந்திருந்தனர். அன்றியும், முதல் விதிகளை வகுத்த இரண்டே ஆண்டுகளில் குறைகளைக் களைந்து திருத்திய விதிகளைப் பொறித்தனர். முன்பு முடிவு செய்ததை மாற்றினால் மானம் போய்விடும் என்று அச்சபை கருதவில்லை.

பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டோர்சே 1785ஆம் ஆண்டில் நிறுவிய தேற்றமும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒவ்வொருவரும் தவறுவதைவிடச் சரியாக எண்ணும் வாய்ப்புச் சற்றேனும் மிகுதியாக இருந்து, ஒவ்வொருவரும் தாமாகவே சிந்தித்தால், ஆள் தொகை கூடக் கூடப் பெரும்பான்மை முடிவு சரியாக அமையும் வாய்ப்பும் கூடும். ஆனால் பன்னிருவரும் ஒருவரையே பின்பற்றினால் அங்கே உள்ளவை பன்னிரண்டு கருத்துகள் அல்ல, ஒரே கருத்துதான்.

ஆலயங்களில் செய்யத்தக்கவை

செயலவைத் தலைவர் தம் கருத்தை இறுதியில் கூறுவது முதல் படி. பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் எண்ணத்தைச் சிறு தாளில் எழுதித் தருவது இரண்டாம் படி. குடவோலையின் உட்பொருளே இது. திட்டம் எதுவாயினும் அதன் குறைகளை மட்டும் எடுத்துரைக்கும் பொறுப்பினை ஒருவருக்கு முறைவைத்து ஒப்படைப்பது மூன்றாம் படி. பொறுப்பாக அளிக்கப்பட்டால் மறுப்புரை மரியாதைக் குறைவாகத் தோன்றாது.

மேசையருகில் இல்லாதோரின் அறிவையும் நாடுதல் வேண்டும். தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் தொண்டூழியருக்கும், காலணி காக்கும் முதியவருக்கும், படியோரம் கடை வைத்திருப்பவருக்கும் நெரிசல் எங்கே தொடங்கும் என்று தெரியும். 1985ஆம் ஆண்டில் ஸ்டாசர், டைட்டஸ் என்னும் ஆய்வாளர்கள் காட்டியபடி, குழுக்கள் எல்லாரும் அறிந்ததையே மீண்டும் மீண்டும் பேசுகின்றன. ஒருவர் மட்டுமே அறிந்த செய்தி மேசைக்கு வராமலே போய்விடுகிறது. "வேறு எவருக்கும் தெரியாத செய்தி உங்களிடம் உண்டா?" என்று தலைவர் கேட்கும் ஒரு கேள்வி அக்குறையைப் போக்க உதவும்.

விழா நாளில், செல்லும் வழியும் திரும்பும் வழியும் தனித்தனியே அமைதல் வேண்டும். முன்னே தடை ஏற்பட்டதும் வரிசையின் கடைசிக்குச் செய்தி எட்டுமாறு ஒலிபெருக்கி இருத்தல் வேண்டும். வாயிலில் நிற்கும் தொண்டூழியருக்கு, எவரையும் கேட்காமல் வரிசையை நிறுத்தும் அதிகாரம் இருத்தல் வேண்டும்.

அடியார்களும் ஆற்ற வேண்டிய கடமை உண்டு. படியிலும் வாயிலிலும் நின்று பேசுதல் கூடாது. வரிசை நின்றால் முன்னோரைத் தள்ளாமல் ஓரடி பின்வாங்குதல் நலம். நெருக்கம் மிகுந்தால் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் காத்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனிதல் ஆகாது. ஆபத்தின் அறிகுறி கண்டால், பிறர் பேசாதிருப்பதைக் கண்டு தாமும் பேசாதிருக்கலாகாது. உபயதாரர்களும் தம் பெயர்ப் பலகை எங்கே என்று கேட்பதற்கு முன், அவசர வழி எங்கே என்று கேட்பாராயின், அதுவே சிறந்த உபயமாகும்.

தேரோட்டத்தில் வடம் பிடிப்போரை அனைவரும் காண்கின்றனர். சக்கரத்தின் அருகே குனிந்து, கையில் கட்டையுடன் செல்லும் ஒருவரைக் காண்போர் சிலரே. திருப்பத்தில் தேரைத் திருப்புபவரும், சரிவில் நிறுத்துபவரும் அவரே. நம் பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுபவர் என்பது பழிச்சொல்லாகிவிட்டது. ஆனால் முட்டுக்கட்டை இன்றி எந்தத் தேரும் வீதி சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்ததில்லை. அடுத்த செயலவைக் கூட்டத்தில் எவரேனும் எழுந்து, "ஐயா, இதில் ஓர் ஐயம் உண்டு" என்று கூறினால், அவரைப் பொறுமையுடன் கேட்போம்.